அப்பாவுக்கு பசங்க பண்ற பரிசு: உங்க கை எவ்ளோ தூரம் உள்ள போகலாம்?

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். வீட்ல நாலு வயசு பையன், ஒன்பது வயசு பொண்ணு, அவங்க அப்பாவுக்கு கையாலயே ஏதாவது பண்ணிக் குடுக்கணும், நல்ல ஐடியா இருந்தா சொல்லுங்கன்னு முடிச்சிருக்கீங்க. ஆனா நடுவுல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, போன வருஷம் பசங்க தூங்கினப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு நீங்களே உக்காந்து ஒட்டி முடிச்சீங்க, அவரு அதை வாங்கிப் பாத்துட்டு பசங்களைப் பாக்காம உங்களைப் பாத்து சிரிச்சாரு, இப்ப அது டிராயர்ல கிடக்குன்னு. கேள்வி அந்த வரியிலதான் இருக்குன்னு நினைக்கிறேன். ஐடியா நெட்ல கொட்டிக் கிடக்கு. பசங்க நிஜமாவே தாங்களே பண்ண முடியுற மாதிரி எது இருக்கு, அதுல அம்மா கை எங்க ஆரம்பிச்சு எங்க நிக்கணும், பண்ணினது டிராயருக்குப் போகாம இருக்க என்ன வழி, இதைத்தான் கேக்குறீங்க. பதினேழு வருஷமா சின்னப் பசங்களுக்கு கைவேலை கிளாஸ் எடுக்குறேன், அதுக்கு முன்னாடி புத்தகம் கட்டுறதும் களிமண் வேலையும் முறையா கத்துக்கிட்டேன், அந்த அனுபவத்துல சொல்றேன். குழந்தை மனசு பத்தி படிச்ச ஆள் இல்ல நான், அதனால அந்தப் பக்கம் நான் சொல்றதை கிளாஸ்ல பாத்ததா மட்டும் எடுத்துக்கோங்க.

முதல்ல கையைப் பாருங்க, பரிசை அப்புறம் பாக்கலாம். நாலு வயசுக் கை உருட்டும், தட்டும், அமுக்கும், கிழிக்கும், பெரிய பிரஷ்ல பூசும், கத்தரிக்கோலை வெச்சு ஒரு நேர்க்கோட்டை தட்டுத்தடுமாறி வெட்டும். வட்டம் வெட்டச் சொன்னா வராது, ரெண்டு மில்லிமீட்டர் மணியை ஒட்டச் சொன்னா ஃபெவிகால் எல்லாம் முழங்கை வரைக்கும் ஏறிடும். மனுஷன் வரையச் சொன்னா ஒரு பெரிய வட்டம், அதுல ரெண்டு கண்ணு, அந்த வட்டத்துல இருந்தே நேரா ரெண்டு கால், உடம்பே இருக்காது. மூணு நாலு வயசுல கிட்டத்தட்ட எல்லாப் பசங்களும் இப்படித்தான் வரையுறாங்க, தலைப்பிரட்டை மனுஷன்னு சொல்வோம். அதைப் பாத்துட்டு "அப்பாவுக்கு வயிறு எங்கடா"ன்னு கேட்டு நடுவுல ஒரு வயிறு போட வெக்காதீங்க, இன்னும் ஒரு வருஷம் போனா அந்தப் படம் அவன் கையில திரும்ப வரவே வராது. ஒன்பது வயசுக் கை வேற. அது பின்னும், எண்ணும், அளக்கும், ஊசியில நூல் கோக்கும், ஒரே வேலையை ரெண்டு மூணு நாளைக்கு விட்டு விட்டு செய்யும். ஆனா அதுக்கு ஒரு புது வியாதி வந்திருக்கும், தான் பண்ணினது அசிங்கமா இருக்குன்னு தனக்கே தெரியும். படத்துல பாத்த மாதிரி வரலைன்னா கிழிச்சுப் போட்டுடும். அதனால பெரியவளுக்கு, தப்பு பண்ணினாலும் பாக்க நல்லா வர்ற வேலையாப் பாத்துக் குடுக்கணும்.

உங்க கை எங்கன்னா, சூடு, கூர்மை, அளவு இந்த மூணுலதான். ஓவன், அயர்ன் பாக்ஸ், கட்டர், குத்தூசி எல்லாம் உங்களது. என்னென்ன வேணும்னு யோசிச்சு முன்னாடியே எடுத்து வெக்கிறதும் உங்களது. மத்தபடி கோணலா ஒட்டினதை நேராக்குறது, கலர் வெளிய வழிஞ்சதை துடைக்கிறது, இதெல்லாம் நீங்க தொடக்கூடாத ஏரியா. என் கிளாஸ்ல ஒரு தடவை ஒரு அம்மா கூடவே உக்காந்தாங்க, பையன் அட்டையில ஒட்டின கண்ணு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருந்துச்சு, அவங்களால தாங்க முடியல, அவன் கை கழுவப் போன நேரத்துல பிச்சு நேரா ஒட்டிட்டாங்க. சாயங்காலம் அப்பா வந்து "சூப்பரா இருக்கேடா"ன்னதும் பையன் சொன்னது, "இது அம்மா ஒட்டினது, நான் ஒட்டினது அடியில இருக்கு." நிஜமாவே அடியில பழைய பசைத் தடம் ரெண்டு இருந்துச்சு, அதைத்தான் விரலை வெச்சுக் காட்டினான்.

சரி, டிராயர் விஷயத்துக்கு வர்றேன். டிராயருக்குப் போற பரிசுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு, அதை வெச்சுக்க வீட்ல புதுசா ஒரு இடம் தேடணும். ஏற்கனவே அவரு தினமும் தொடுற பொருளோட சேர்ந்துக்கிட்டா இடம் தேட வேணாம். அதனால நான் பசங்களுக்கு முதல்ல குடுக்குற வேலை துப்பறியுறது, ஒரு நாள் முழுக்க அப்பா எதை எதைத் தொடுறாரு, எதைத் தேடுறாரு, எதுக்காக திட்டுறாருன்னு பாத்துட்டு வரணும். இதுல சின்னதுங்கதான் கில்லாடி. பெரிய பசங்க "அப்பா லேப்டாப்ல வேலை பாப்பாரு"ன்னு எழுதிட்டு வருவாங்க, ஒரு நாலரை வயசு பொண்ணு வந்து "அப்பா கண்ணாடி எங்கன்னு கேப்பாரு, அது தலையிலயே இருக்கும்"னு சொன்னா. அதுக்கு மேல என்ன வேணும், கண்ணாடிக்கு ஒரு கயிறு பின்னிக் குடுத்தாச்சு. சாவி, கண்ணாடி, சீப்பு, கைக்குட்டை, பாதி படிச்ச புத்தகம், சில்லறை, சார்ஜர் வயர், எங்க சுத்தினாலும் இந்த லிஸ்ட்டுக்குள்ளதான் வந்து நிக்கும்.

உங்க பெரியவளுக்கு என்னோட முதல் சாய்ஸ் அந்தக் கயிறுதான். கெட்டி அட்டையில சுமார் 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டிக்கோங்க (பேப்பர் வட்டத்தை மூணு தடவை பாதி பாதியா மடிச்சுப் பிரிச்சா எட்டு கோடு கிடைக்கும், அதை அட்டை மேல வெச்சுக் குறிச்சுக்கலாம், அளவுகோலே வேணாம்). நடுவுல பென்சில் நுழையுற ஓட்டை, ஓரத்துல எட்டு கோட்டுலயும் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்கு வெட்டு. ஏழு நூலை ஒண்ணா முடிச்சுப் போட்டு முடிச்சை ஓட்டை வழியா கீழ விட்டு, ஒவ்வொரு நூலையும் ஒரு வெட்டுல மாட்டினா ஒரு வெட்டு காலியா நிக்கும். காலி வெட்டை தன்னைப் பாத்து வெச்சுக்கிட்டு, அதுல இருந்து வலது பக்கமா மூணாவது நூலை எண்ணி எடுத்து, மத்த ரெண்டு நூலுக்கு மேல தாண்டி காலி வெட்டுல மாட்டணும். இப்ப வேற ஒரு வெட்டு காலி ஆயிருக்கும், அட்டையைத் திருப்பி அதை தன் பக்கம் கொண்டு வரணும், மறுபடியும் மூணு எண்ணணும். அவ்ளோதான். கொஞ்ச நேரத்துல அடியில உருண்டையா ஒரு கயிறு இறங்க ஆரம்பிக்கும், அதை அப்பப்ப மெதுவா கீழ இழுத்து விட்டா போதும்.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, எங்க வேணா விட்டுட்டுப் போகலாம். ஹோம்வொர்க் இருக்கு, தூக்கம் வருது, அப்பா வந்துட்டாரு, அப்படியே அலமாரிக்குள்ள தூக்கி வெச்சுட்டு நாளைக்கு எடுத்தா காலி வெட்டு எங்க இருக்கோ அங்கதான் விட்டோம்னு தானா தெரிஞ்சிடும். சாவிக்கு மாட்டுற 15 செ.மீ. கயிறுக்கு ஒவ்வொரு நூலும் அரை மீட்டர் இருந்தா தாராளம். கண்ணாடிக் கயிறுக்கு 70 செ.மீ. வேணும்னா நூல் 1.75 மீட்டராவது எடுக்கணும், அவ்ளோ நீளம் தொங்கினா சிக்கிக்கும், அதனால ஒவ்வொரு நூலையும் ஒரு சின்ன அட்டைத் துண்டுல சுத்தி விடுங்க. நூல் ஒரே தடிமனா இருக்கட்டும், பளபள பட்டு நூல் வேணாம், அது வழுக்கும், முடிச்சும் நிக்காது. நடுவுல எங்கயாவது தப்பா எண்ணியிருந்தா ஒரு இடத்துல டிசைன் கொஞ்சம் குலையும், கயிறு அறுந்து விழாது.

ரெண்டாவது, இது ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம், சூரிய ஒளிப் படம். சயனோடைப்னு பேரு. 1842ல ஜான் ஹெர்ஷல்னு ஒரு விஞ்ஞானி கண்டுபிடிச்சது, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்னு ஒரு தாவரவியல்காரம்மா கடல்பாசிகளை இந்தத் தாள் மேலயே பரப்பி வெச்சு நூத்துக்கணக்குல படம் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, கேமரா எதுவும் இல்லாம. கட்டடம் கட்டுறவங்க ப்ளூபிரின்ட்னு சொல்றாங்களே, அந்த நீலம் இதேதான். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடுன்னு ரெண்டு உப்பைக் கரைச்சு தாள்ல பூசுறாங்க, புற ஊதாக் கதிர் பட்ட இடத்துல இரும்பு மாறி, தண்ணியில கழுவினதும் கரையாத நீலமா நின்னுடும், நிழல் விழுந்த இடத்துல மருந்து கரைஞ்சு ஓடி வெள்ளையாயிடும். பசங்களோட செய்றப்ப மருந்து கலக்குற வேலையே வேணாம், ஏற்கனவே பூசின தாள் பாக்கெட்டா கிடைக்குது, சன் பிரின்ட் பேப்பர்னு தேடுங்க. மங்கலான வெளிச்சத்துல தாளை எடுத்து, அதுல அப்பாவோட சாமானை அடுக்கி, நல்ல வெயில்ல ரெண்டுல இருந்து அஞ்சு நிமிஷம் வெக்கணும், தாள் நிறம் வெளுத்துக்கிட்டே வரும், அப்ப உள்ள எடுத்துட்டு வந்து பச்சைத் தண்ணியில ஒரு நிமிஷம் அலசணும்.

என்ன அடுக்குறதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. எல்லாரும் இலையும் பூவும் வெப்பாங்க, நீங்க அப்பா சாமானையே வைங்க. ஒரு பையன் அவங்க அப்பாவோட சாவிக்கொத்து, ரெண்டு ஸ்பேனர், ஒரு பழைய சீப்பு வெச்சான். அலசி எடுத்தா கரு நீலத்துல வெள்ளையா ஒவ்வொரு சாவிப் பல்லும் தெரியுது, சீப்புல நடுவுல மூணு பல்லு இல்லாதது அப்படியே சந்து மாதிரி நீலமா விழுந்திருக்கு. அவங்க அப்பா அதைப் பாத்துட்டு முதல்ல சொன்னது "இது என் சீப்பாச்சே"தான். கண்ணாடியை வெச்சா இன்னொரு வேடிக்கை, நம்ம கண்ணுக்கு லென்ஸ் வழியா எல்லாம் தெரியுது, ஆனா இப்ப வர்ற லென்ஸ்ல முக்கால்வாசி புற ஊதாவைத் தடுக்குற மாதிரி இருக்கறதால தாள்ல அது வெளிறின வட்டமா விழும், ஒன்பது வயசுக்கு அது ஏன்னு விளக்கிட்டு உக்காந்தா ஒரு சாயங்காலம் போயிடும். காத்துல சாமான் நகர்ந்தா படம் கலங்கிடும், தட்டையான பொருளா இருந்தா மேல ஒரு கண்ணாடித் தகடு வெச்சு அமுக்கலாம், ஓரம் கூரா இருந்தா டேப் ஒட்டிக்கோங்க. காஞ்சப்புறம் நீலம் ஒரு நாள் வரைக்கும் ஆழமாகிக்கிட்டே போகும், அன்னைக்கே பாத்துட்டு வெளிறிப் போச்சேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. ஃபிரேம் போட்டா நேர் வெயில் விழாத சுவர்ல மாட்டுங்க, சோப்புத் தண்ணி மட்டும் பட விடாதீங்க, சோப்புல இருக்குற காரம் பட்டா அந்த நீலம் செத்துடும். சாதாரண கலர் சார்ட் பேப்பரை வெயில்ல வெச்சு சாயம் வெளுக்க விட்டு இதே மாதிரி பண்ணலாம்னு நிறைய பேர் சொல்வாங்க, பண்ணலாம், ஆனா மிச்சம் இருக்குற சாயமும் வெளுத்துக்கிட்டேதான் இருக்கும், கொஞ்ச நாள்ல ஒண்ணுமே தெரியாது.

மூணாவது என் சொந்தத் தொழில், அதனால கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும். ஒரு சின்னப் புத்தகம். ஏ4 தாள் அஞ்சை ஒண்ணுக்குள்ள ஒண்ணா வெச்சு பாதியா மடிச்சா 20 பக்கம், மேல ஒரு கெட்டி அட்டை. மடிப்புல மூணு ஓட்டை, நடுவுல ஒண்ணு, மேலயும் கீழயும் சம தூரத்துல ஒவ்வொண்ணு, அதை மட்டும் நீங்க குத்தூசியால போட்டுக் குடுங்க. புத்தக உயரம் மாதிரி மூணு மடங்கு நூல். ஊசி உள்பக்கம் நடு ஓட்டையில நுழைஞ்சு வெளிய வரும், மேல் ஓட்டை வழியா உள்ள போகும், நடுவைத் தொடாம தாண்டி கீழ் ஓட்டையில வெளிய வரும், மறுபடியும் நடு ஓட்டையில உள்ள வரும். இப்ப நூலோட ரெண்டு நுனியும் உள்ள நடுவுல இருக்கும், அந்த நீளத் தையலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணுன்னு வெச்சு இறுக்கி முடிச்சு. பத்து நிமிஷ வேலை, பசை கிடையாது, காய விட வேணாம், வருஷக்கணக்குல பிரியாது.

உள்ள என்ன எழுதுறது? "அப்பா ஐ லவ் யூ"ன்னு இருபது பக்கம் எழுத முடியாது. அதனால பெரியவளை தம்பிகிட்ட பேட்டி எடுக்க விடுங்க, அப்பாவுக்கு என்ன வயசு, எவ்ளோ உயரம், ஆபீஸ்ல என்ன பண்றாரு, எதுக்கு பயப்படுவாரு, யாரும் இல்லாதப்ப என்ன பண்ணுவாருன்னு. அவன் சொல்றதை திருத்தாம அவ எழுதணும். எங்க கிளாஸ்ல ஒருத்தன் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கு, "அப்பாவுக்கு வயசு நூத்தி ஒண்ணு. வேலை டைப் அடிக்கிறது, அப்புறம் பெருமூச்சு விடுறது." அக்கா எழுதுறப்ப எழுத்துப்பிழை வரும், விடுங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, எதிர்ப் பக்கத்துல தம்பி வரைஞ்ச தலைப்பிரட்டை மனுஷன். கடைசி நாலு பக்கம் காலியா விட்டுடுங்க, அப்பா பதில் எழுத.

இப்ப சின்னவனுக்குத் தனியா. உப்பு மாவு. ரெண்டு கப் மைதா, ஒரு கப் பொடி உப்பு, தண்ணி ஒரு கப்புக்குள்ள, ஒரேயடியா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா. கையில ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் அஞ்சு பத்து நிமிஷம் பிசையணும், அந்த வயசுக்கு அதுவே பெரிய கொண்டாட்டம். அரை செ.மீ. தடிமனுக்குத் தட்டி, வட்டமா வெட்டி (இது நீங்க), அதுல அவன் கையை வெச்சு அமுக்கட்டும், இல்ல ஒரு இலையோட பின்பக்க நரம்பை அமுக்கி எடுக்கட்டும். அந்த வட்டத்தை பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச ஒரு குழிவான கிண்ணத்துக்குள்ள இறக்கி வெச்சா ஓரம் லேசா மேல வந்து தட்டு மாதிரி நிக்கும். சாவி, சில்லறை போட வாசல் பக்கத்துல வெக்கலாம், ஆக டிராயர் பிரச்சனை தீர்ந்துச்சு. ஒரு நாள் கழிச்சு கிண்ணத்துல இருந்து எடுத்துக் கவுத்துப் போட்டு, மொத்தம் ரெண்டு மூணு நாள் காய விடலாம், ஈரமான காலமா இருந்தா இன்னும் கூட ஆகும். ஓவன்ல வெக்கிறதா இருந்தா 100 டிகிரி செல்சியஸ், ரெண்டு மூணு மணி நேரம், அவசரப்பட்டு சூட்டை ஏத்தினா உள்ள இருக்குற ஈரம் ஆவியாகி கொப்புளம் கிளம்பும், வெடிக்கும். நல்லா காஞ்சப்புறம்தான் பெயின்ட்.

பெரும்பாலான இடத்துல சொல்லாம விடுற விஷயம் ஒண்ணு இருக்கு. உப்பு காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும். நானே ஆரம்பத்துல என் மருமகனோட கை அச்சை அழகா பண்ணி, முன்பக்கம் மட்டும் வார்னிஷ் அடிச்சு, சுவர்ல மாட்டி வெச்சேன், மழைக்காலம் முடியுறப்ப ஒரு நாள் கீழ கிடந்துச்சு, எடுத்தா பிஸ்கெட் தண்ணியில நனைஞ்ச மாதிரி வளையுது. பின்பக்கம் வழியா ஈரம் ஏறியிருக்கு. அதனால முன்ன பின்ன ஓரம் எல்லாம் ரெண்டு கோட் வார்னிஷ். வீட்ல நாய் இருந்தா இந்த மாவு கிட்டயே வரவிடாதீங்க, அவ்ளோ உப்பு உள்ள போனா அதுக்கு ஆபத்து. பையன் ஒரு துளி நாக்குல வெச்சா முகத்தைச் சுளிச்சுட்டு அவனே துப்பிடுவான், அது பரவால்ல.

காபி கப்புல பெயின்ட் பண்றது பத்தியும் கேட்டிருந்தீங்க. இதுல உறுதியா சொல்லக்கூடியதும் இருக்கு, சந்தேகமானதும் இருக்கு. கடையில வாங்குற கப்போட பளபளப்பு 1000 டிகிரிக்கு மேல சுட்டு கண்ணாடியா உருகி ஒட்டினது, வீட்டு ஓவன்ல 150 டிகிரியில நாம காய வெக்கிறது வெறும் பெயின்ட் மேல்தோல், ரெண்டும் ஒண்ணு ஆகாது, இது உறுதி. எத்தனை கழுவலுக்குத் தாங்கும்ங்கறது பெயின்ட்டுக்கு பெயின்ட் மாறும், பாட்டில்ல போட்டிருக்குற சூடும் நேரமும்தான் கணக்கு. அதனால வாய் படுற விளிம்புல இருந்து ரெண்டு செ.மீ. விட்டு வெளிப்பக்கம் மட்டும், உள்பக்கம் ஒரு சொட்டு கூட வேணாம். கப்பை ஆறின ஓவன்ல வெச்சு அப்புறம் சூடேத்தணும், முடிஞ்சதும் உள்ளயே ஆற விடணும், இல்லன்னா விரிசல் விழும். என்னைக் கேட்டா குடிக்கிற கப்பே வேணாம், அதையே பேனா ஸ்டாண்டுன்னு சொல்லிக் குடுத்துடுங்க, இந்தக் கவலை எதுவும் இல்ல.

கைக்குட்டை ஒரு நல்ல ஆப்ஷன், சீக்கிரமா சொல்லிடறேன். உப்புத்தாள் (மரத்தைத் தேய்க்கிற சொரசொரப்பான தாள்) மேல க்ரேயானால அழுத்தி வரையணும், அதைத் துணி மேல கவுத்து, துணிக்கு அடியில ரெண்டு தாள் விரிச்சு, நீங்க அயர்ன் பண்ணினா மெழுகு உருகி புள்ளி புள்ளியா துணியில இறங்கும். புதுத் துணியை முதல்ல ஒரு தடவை அலசிக் காய வைங்க, கஞ்சி இருந்தா சாயம் பிடிக்காது. துணிக்குன்னே வர்ற க்ரேயான்னா துவைச்சா நிக்கும், சாதாரண க்ரேயான் ஒவ்வொரு துவைப்புக்கும் மங்கும். படம் கண்ணாடியில தெரியுற மாதிரி திரும்பி விழும், அதனால எழுத்து வேணாம், ஒருத்தி ஆசை ஆசையா "அப்பா"ன்னு எழுதி அது தலைகால் புரியாம விழுந்து அழுதுட்டா. ஐஸ் குச்சி ஃபிரேம், வாழ்த்து அட்டை எல்லாம் தப்பில்ல, ஆனா அதான் டிராயருக்குப் போற ஜாதி. "ஒரு தடவை கார் கழுவித் தர்றேன்" கூப்பன் புத்தகம் எனக்குப் பிடிக்காது, கேக்குற அன்னைக்கு பசங்க ஓடிடுவாங்க, கேக்க அப்பாவுக்கும் கூச்சமா இருக்கும்.

ஆபத்து விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் கறார். ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் பண்றேன்னு அந்தச் சின்ன பவர்ஃபுல் காந்தம் வாங்கிடாதீங்க, நாலு வயசு வீட்ல அது வேணவே வேணாம், ரெண்டு காந்தம் வயித்துக்குள்ள போனா குடல் சுவரை நடுவுல வெச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். விளக்கு எரியுற அட்டையில வர்ற பட்டன் பேட்டரியும் அதே கணக்குதான், விழுங்கினா தொண்டையை அரிச்சுடும். ஃபெவிகுவிக் மாதிரி உடனே ஒட்டுற பசை பருத்தித் துணியிலயோ பஞ்சுலயோ பட்டா சட்டுனு சூடாகும், கை பொத்துப் போற அளவுக்கு. மரச்சாமான் ஏதாவது பண்ணி ஆளிவிதை எண்ணெய் தேய்ச்சா அந்தத் துணியைக் கசக்கிக் குப்பையில போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், விரிச்சுப் போட்டு வெளிய காய விடணும். மரவேலையில உப்புத்தாள் தேய்க்கிறது வரைக்கும்தான் நான் பசங்களை விடுவேன், அதுக்கு மேல மிஷின் வேலை எனக்கே கை வராது, தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க.

அப்புறம் "முடிச்சா சாக்லேட் தர்றேன்"னு சொல்லிடாதீங்க. 1973ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட்னு மூணு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு நர்சரியில மூணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள, படம் வரையறதுல ஏற்கனவே ஆசை இருக்குற பசங்களை வெச்சுப் பாத்தாங்க. வரைஞ்சா சர்டிஃபிகேட் உண்டுன்னு முன்னாடியே சொல்லி வரைய வெச்ச பசங்க, ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு தானா வரைய உக்காந்த நேரம் மத்தவங்களோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட பாதிதான். சொல்லாம திடீர்னு குடுத்த பசங்களுக்கு அந்தச் சரிவு இல்ல. வெகுமதியே கெடுதல்னு இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, அதுல பெரிய சண்டையே இருக்கு, ஆனா கிளாஸ்ல நான் பாத்ததும் இதையேதான் சொல்லுது, சாக்லேட் பேச்சு வந்த நிமிஷமே கை அவசரப்படும்.

உங்க வீட்டுக்காரர் "எனக்கு எதுவும் வேணாம்"னு சொல்றாருன்னு எழுதியிருக்கீங்க, அப்படி சொல்லாத அப்பாவை நான் இன்னும் பாக்கல. அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு காதுல போட்டு வைங்க, வாங்கினதும் "என்னடா இது?"ன்னு கேக்க வேணாம், "எப்படி பண்ணினே?"ன்னு கேக்கட்டும். முதல் கேள்விக்கு நாலு வயசு முகம் விழுந்துடும், ரெண்டாவது கேள்விக்கு அரை மணி நேரம் பேசுவான். ரகசியம் மட்டும் அவன்கிட்ட எதிர்பார்க்காதீங்க, "அப்பா, உங்களுக்கு தட்டு பண்ணலையே"ன்னு அவனே போய் சொல்லிட்டு வருவான், அவரு காது கேக்காத மாதிரி இருந்துக்கட்டும்.

எந்த நாள்னு நீங்க சொல்லல. நிறைய நாடுகள்ல அப்பா தினம் ஜூன் மூணாவது ஞாயிறு, ஆஸ்திரேலியாவுல செப்டம்பர் முதல் ஞாயிறு, இல்ல உங்க வீட்ல அது அவரு பிறந்தநாளா கூட இருக்கலாம். தேதி முன்ன பின்ன ஆனாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. 1910ல அமெரிக்காவுல ஸ்போகேன் ஊர்ல சோனோரா ஸ்மார்ட் டாட்ங்கற அம்மா, தங்களை வளர்த்த அப்பாவோட பிறந்தநாளான ஜூன் 5லயே அப்பா தினத்தைக் கொண்டாடணும்னுதான் கேட்டாங்க, சர்ச்சுல பாதிரியார்களுக்கு தயார் பண்ண நேரம் பத்தலன்னு அதுவே ஜூன் 19க்குத் தள்ளிப் போச்சு. உங்ககிட்ட பத்து நாள் இருந்தா இன்னைக்கே உப்பு மாவைப் பிசைஞ்சுடுங்க, அது காயுற நேரத்துல பெரியவ கயிறை முடிச்சுடுவா. நாலு நாள்தான் இருக்குன்னா மாவுப் பக்கமே போகாதீங்க, பாதி காஞ்ச தட்டுக்கு வார்னிஷ் அடிக்க ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடியும் நீங்கதான் உக்காருவீங்க. புத்தகத்தைத் தெச்சுடுங்க, பேட்டியை நாளைக்கு சாயங்காலமே ஆரம்பிக்கச் சொல்லுங்க.